மூன்றாவது கம்பி

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில்
ஐந்து மீட்டர் அலுமினியக் குழாய் ஒன்று நிற்கிறது.
கொடி ஏற்றவா என்றார் ஜைனுலாபுதீன்.
பேச என்றேன்.
யாரோடு என்று அவர் கேட்கவில்லை.
கடல்காற்றில் அது ஆடுவதைச்
சந்தேகமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மே மாதம்.
லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி
இரண்டு நாள்கூட ஆகவில்லை.
இரவு ஒன்பதரைக்கு மேல்தொட்டி வழிந்து
கைப்பிடிச் சுவர் தாண்டி
கிளாடிஸ் அம்மாவின் ஸ்கூட்டர் மேல் கொட்டியது.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

மோட்டார் பெட்டி தானியங்கி.
தப்பே செய்யாது என்று விற்றவன் சொல்லியிருக்கிறான்.
ஆகவே தப்பு பலவேசத்துடையது.
வாட்ச்மேன் தூக்கத்தில் கை வைத்துவிட்டார்,
சம்பளத்தில் முந்நூறு பிடித்தம்,
முடிவெடுத்தது குடியிருப்போர் சங்கம்.
நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.
பக்கோடா சாப்பிட்டேன்.

எனக்கு மூன்றாம் இரவே தெரியும்.
மோர்ஸ் சாவியை அழுத்தினேன், ஜன்னலுக்குக் கீழே டக்.
விட்டேன், டக்.
மொரீஷியஸ்காரருக்கு நான் அனுப்பிய
குறிலையும் நெடிலையும்
மோட்டார் ரிலே ஒன்றுவிடாமல்
ஒப்பித்துக்கொண்டிருந்தது.
நான் விடைபெற்று முடித்த பிறகும்
அது மட்டும் முடிக்கவில்லை.

கேபிளில் இரண்டு கம்பி என்றுதான் படித்திருந்தேன்.
நடுவில் ஒன்று, சுற்றிலும் பின்னிய செம்பு ஒன்று.
ஒன்றில் போவதும் மற்றதில் வருவதும் சரிக்குச் சரி.
கணக்கு நேராகிவிடும்,
வெளியே ஒரு முணுமுணுப்பும் கேட்காது.
ஆனால் இந்த வேகத்தில் ஓடும் மின்சாரத்துக்குத்
தோல்தான் பாதை.
பின்னலின் உள்தோலில் நடப்பது
வெளித்தோலுக்குத் தெரியாது.
ஆக, மூன்று.
மூன்றாவதற்குக் கணக்குத் தீர்க்க ஜோடி இல்லை.
ஜோடியில்லாதது கத்தும்.

குழாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.
நிற்கிற குழாய் பாதி ஏரியல்தான்,
மறுபாதி தரை.
மூன்று மாடிக்கு மேல் தரை ஏது?
பதிலாக நாலு கம்பி விரித்திருக்க வேண்டும்.
துணி உலர்த்த இடமில்லை என்பார்களே என்று
விரிக்காமல் விட்டேன்.
இல்லாத மறுபாதியைத் தேடிக்கொண்டு
அது கேபிளின் முதுகில் இறங்கியது,
ஜைனுலாபுதீன் வீட்டுக் குளியலறை ஜன்னலை ஒட்டி,
முதல் மாடியில் என் மேஜைக்கு,
அங்கே என் விரலைச் சுருக்கென்று குத்திவிட்டு
எர்த் வயரைப் பிடித்து மீட்டர் போர்டுக்கு,
மோட்டார் பெட்டியின் சென்சார் வயரோடு
தோள் உரசிக்கொண்டு.

ரிச்சி தெருவில் கறுப்பு ஃபெரைட் வளையம் ஐந்து வாங்கினேன்.
கேபிளைப் பன்னிரண்டு சுற்று அதற்குள் நுழைத்தேன்.
உள்ளே போய் வருகிறவர்களை
வளையம் கண்டுகொள்ளாது.
வெளித்தோலில் இறங்குகிறவனை மட்டும்
குழாயின் காலடியிலேயே மறிக்கும்.
துணிக்கொடிகளுக்குக் கீழே நாலு கம்பியும் விரித்தாயிற்று.

என் ஜன்னலுக்கு வெளியே
கேபிளைக் கவ்விய சின்ன மீட்டரைப்
பலவேசம் பிடித்துக்கொண்டார்.
அப்போதுதான் சொன்னேன்,
மோட்டாரை ஓட்டியது நான்தான் என்று.
அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அசையல சார்."
நீட்டிய முந்நூறை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபின்
"இந்த வளையம்
கிளாடிஸ் அம்மா வாய்க்கும் கிடைக்குமா?"

அன்றிரவு ஹெட்ஃபோன் மாட்டினால்
காதில் ஏதோ குறைந்தது.
இத்தனை மாதம் இரைச்சல் என்று திட்டிய
எல்இடி பல்புகளின் சீறல்,
இரண்டாம் மாடி மிக்ஸி,
லிஃப்ட் நிற்கும்போது வரும் விக்கல்,
எல்லாம் அதே முதுகில்தான் ஏறி
என்னிடம் வந்துகொண்டிருந்தன.
மறித்தது இரண்டு பக்கமும் மறித்திருக்கிறது.
வீடே காலியானது போல் ஒரு சுத்தம்,
அதன் நடுவே மொரீஷியஸ்காரர்,
ஊசி முனையளவு.

அங்கே எல்லோரும் நலமா என்று கேட்டார்.
பலவேசத்தைப் பற்றி அடிக்க ஆரம்பித்து
மூன்றாம் எழுத்தில் நிறுத்திவிட்டேன்.
குறிப்பேட்டில் அவர் பெயருக்குக் கீழே
அடுத்த தொடர்பை எழுதினேன்.
ஞாயிறு, காலை பத்து, மாடிப்படிக்குக் கீழே.
தூரம்
பதினோரு நாற்காலி.